பழுப்பான கோபால்ட்

நவம்பர் 3, திங்கள்
மழை. எழுந்ததும் முதல் வேலை, பீரோவில் வைக்கும் சிலிக்கா ஜெல்லைப் பழைய வாணலியில் சூடாக்கியது. ஈரம் ஏறி ரோஜா நிறமாகியிருந்தது. பத்து நிமிடத்தில் நீலம். உள்ளே கோபால்ட். தண்ணீர் சேர்ந்தால் ஒரு வடிவம், போனால் இன்னொன்று. மாலதி சொல்லிக்கொடுத்த வழி. அவள் போய் நாளையோடு நாற்பது நாள். லேபில் அவள் நாற்காலியில் யாரோ ரெக்கார்ட் நோட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள்.

சாயங்காலம் அவள் கணவர் ரவி அண்ணா போன். நானும் அவளும் சேர்ந்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையை ஃப்ரேம் போட்டு அவள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறாராம். நல்ல பிரதி வேண்டும். கொண்டுவருவதாகச் சொன்னேன்.

வாங்க: பால், பி.எச். பஃபர், குடை.

நவ. 4, செவ்வாய்
எம்.எஸ்சி. பிராக்டிகலுக்காகக் கட்டுரையிலுள்ள கோபால்ட் சேர்மத்தை மறுபடி செய்தேன். காற்றுப் படாமலிருக்க விடும் நைட்ரஜன் கடைசி வரை ஓடியது. காந்தத் தராசில் அதன் காந்தத்தன்மை 4.8. கட்டுரையில் 2.1. மூன்று முறை பார்த்தேன். அதே 4.8. அப்படியானால் தனி எலக்ட்ரான் மூன்று. நாங்கள் ஒன்று என்று எழுதி, அதை வைத்தே சதுர வடிவம் என்று இரண்டு பக்கம் வாதாடியிருக்கிறோம்.

சாப்பிடவில்லை.

நவ. 5, புதன்
வேண்டுமென்றே காற்றுப் படவிட்டேன். பழுப்பாகி, 2-க்குப் பக்கத்தில் இறங்கியது. காற்று பட்டால் இந்தச் சேர்மத்திலுள்ள கோபால்ட் ஆக்ஸிஜனேறிக் காந்தத்தன்மையை இழக்கும். பி.எஸ்சி. பாடம். கட்டுரைக்கான கரைசல் டைட்ரேஷனும் அந்த முதல் சாம்பிள் செய்த அன்றே, அதே நைட்ரஜன் சிலிண்டரில். அதிலிருந்து கணக்கிட்ட நிலைப்பு மாறிலிகளும் தப்பு.

அன்று சிலிண்டர் எப்படி இருந்தது என்று லேப் உதவியாளர் கன்னியப்பன் அண்ணாவிடம் கேட்டேன்.

"காலியாவப் போவுதுன்னு ரெண்டு வாட்டி சொன்னேனே மேடம். நீங்க போன்ல அழுதுகினு இருந்தீங்க. சரின்னு கையக் காட்னீங்க."

மாலதியின் ஸ்கேன் முடிவு வந்த நாள். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குத்தான் முதலில் சொன்னாள். சொல்லிவிட்டு, "சாம்பிள் நல்லா வந்துச்சாடி?" என்றாள். வந்தது என்றேன்.

நவ. 7, வெள்ளி
செம்பாக்கம், ரவி அண்ணா வீடு. ஏரித் தெருவில் முழங்கால் தண்ணீர். பிரதி பையில். சுவரில் ஆணி அடித்துத் தயாராக இருந்தது.

"எனக்கு ஒரு வரி புரியாதும்மா. அவ பேரு முதல்ல இருக்கு, அது போதும்," என்றார் ரவி அண்ணா.

பிரிண்டர் ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். காபி கொடுத்தார், சர்க்கரை போட மறந்து.

வீட்டில் சிலிக்கா ஜெல் மறுபடி ரோஜா நிறம். அதைச் சூடாக்கித் திருப்பிவிடலாம். பழுப்பானதைத் திருப்ப முடியாது.

கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதப்போகிறேன். ரவி அண்ணாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. முதல் வரி மட்டும் முடிவாகிவிட்டது: அன்று மாலதி லேபில் இல்லை.