கியரில் நின்ற வண்டி

உதய்,

கங்கம்மா அத்தை நமக்குத் தரவேண்டியது 4,650 ரூபாய். அது வந்தால், வண்டிக்கு நீ மாட்டும் ரிமோட் ஸ்டார்ட்டர் செலவு சரியாகிவிடும் என்றாய்.

நம் வீடு இருக்கும் சாம்பியன் ரீப்ஸ் மேட்டில் வண்டியின் ஹேண்ட்பிரேக் பிடிக்காது, நான் கியரில் போட்டுத்தான் நிறுத்துவேன். கியரில் ஸ்டார்ட் ஆனால் வண்டி பாயும் என்று தெரிந்தும், வயரிங் முடித்த ஜோரில் வீட்டுக்குள்ளிருந்தே ரிமோட்டை அமுக்கிவிட்டாய். "இன்னாடா உதய், ஆளே இல்லாம வண்டி வருது!" என்று அத்தை சிரித்து முடிப்பதற்குள் காலில் ஏறிவிட்டது.

அத்தைக்கு முட்டிக்குக் கீழே காலை எடுக்கணுமாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சோறு சட்டியில் இருக்கிறது, பட்டினி கிடக்காதே. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டேன், மாட்டாதே. இனி சோதித்தால் நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, எதிரில் ஆள் இருக்கிறதா என்று பார்.

அப்பா

இன்னொன்று. நேற்று அந்த வலியிலும் அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து, "உன் காசுல கொஞ்சம், வச்சிக்கோ" என்று நீட்டியது. வாங்கக் கை வரவில்லை. கடனை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீயும் கேட்காதே.