பெரலில் இருந்த கைராசி

இன்று காலை குழாயைத் திறந்ததும் குளோரின் வாசம் மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம். ஞாபகத்துக்கு முன்னால் கோபம் வந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். செத்தவர்களைக் குறை பேசக் கூடாது என்பார்கள். பேசாமல் இருக்க என்னால் முடியவில்லையடி.

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் பிறந்து, மஹய்யாவயில் ஒரே சந்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தோம். உன் வீட்டுப் படியோரம் தரையோடு படர்ந்திருந்த அந்தச் செடியைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். நேரே பார்த்தால் பச்சை, சாய்ந்து பார்த்தால் நீலம். பெயர் தெரியாமல் நீலப் பாசி என்போம். கேட்டதும் ஒரு கொத்து கிள்ளித் தந்தாய். கூரையடி நிழலில் வை, வெயில் ஆகாது என்றாய். அப்படியே வைத்து இரண்டு வேளையும் குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். நுனி கருகியது, பிறகு எல்லாமே கருகியது. மறுபடி தந்தாய், மறுபடி கருகியது. மண்ணை மாற்றினேன், சாணம் போட்டேன். பதினொரு வருடம் இதே கதை.

"உன் கைக்கு ராசி இல்லடி, அதுக்கு யாரு என்ன செய்ய?" என்று சிரித்தாய். சந்தே அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு கறிவேப்பிலைக் கன்று நடக்கூட என்னைக் கூப்பிட மாட்டார்கள். நானும் நம்பினேன், அதுதான் கொடுமை. என் மகள் கல்யாணத்துக்கு நவதானியம் விதைத்த நாளில், பெற்றவள் நான் ஒதுங்கி நின்று உன்னை விதைக்கச் சொன்னேன். நீ ஒரு வார்த்தை மறுக்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்.

உன் கருமாதிக்கு வந்தபோது செடி வாடிக் கிடந்தது. மனசு கேட்காமல் குழாயில் ஒரு வாளி பிடித்து வந்தேன். உன் மகள் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அத ஊத்தாதீங்க சின்னம்மா, கருகிடும். அம்மா பெரல் தண்ணிதான் ஊத்துவாங்க. எங்களயே தொட விடமாட்டாங்க."

கூரையோரத் தகரப் பீலியிலிருந்து மழைத்தண்ணீர் விழுந்து நிறையுமே, அந்தப் பெரல் பீப்பாய். எதற்கு என்று ஒருநாள் உன்னிடம் கேட்டிருக்கிறேன். வாசல் கழுவ என்றாய்.

ஏன் செய்தாய் என்று கேட்க இப்போது ஆளில்லை. அந்த அழகு உன் வாசலில் மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தாயோ? வாய் திறந்து சொல்லியிருந்தால் நான் வைக்காமலே இருந்திருப்பேனே.

இப்போது என் பீலியடியிலும் பெரல் இருக்கிறது. உன் மகளிடம் வாங்கி வைத்த செடி படியைத் தாண்டிப் போகிறது. நேற்று பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் ஒரு கொத்து கேட்டாள். கிள்ளிக் கொடுத்தேன். எப்படி வளர்க்கிறது என்றாள். அதுக்குக் கைராசி வேணும் என்று என் வாய் சொல்லிவிட்டது. உன் சிரிப்போடு சொன்னது. அவள் கேட்டைத் தாண்டிக் கால் வைத்த பிறகுதான் சுதாரித்தேன். கூப்பிட்டேன்.

"மழத்தண்ணி மட்டும் ஊத்தும்மா. பைப் தண்ணி ஆகாது."

அவ்வளவுதான். அவள் கேட்டை மூடுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். உனக்குப் பதினொரு வருடம் இருந்தது.