வேண்டிக்கொண்டது நீ, முட்டி அவனுடையது

சொன்ன பேச்சைக் கேட்காமலே போய்ச் சேர்ந்த என் அம்மாவுக்கு,

நீ இல்லாமல் நம் ஊர் மாதா கோயில் திருவிழா நடந்து முடிந்துவிட்டது. தேர் வந்தது, வாணவேடிக்கை விட்டார்கள், கண்டமங்கலம் பக்கத்துச் சொந்தமெல்லாம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. தம்பி சார்லஸ் உன் வேண்டுதலைத் தீர்த்தானா இல்லையா என்றுதான் நீ முதலில் கேட்பாய். சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

உன்னைப் புதைத்த அன்று நான் அழவில்லை. "பெத்த மனம் பித்து, புள்ள மனம் கல்லு" என்று யாரோ என் காதில் விழும்படியே சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எனக்கு அழுகை வரவில்லை அம்மா, கோபம்தான் வந்தது. இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

முதலில் அந்தக் கார்க்காரன் மேல் இருந்தது. பாண்டிச்சேரிக் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வண்டியில் வந்துகொண்டிருந்த தம்பியை, ராங் சைடில் வந்து இடித்துவிட்டு நிற்காமல் போனான். அடுத்தது, வலது முட்டிக்கு மேலே எலும்பு நொறுங்கிக் கிடந்தவனைக் கையும் காலும் பிடித்துத் தூக்கி, ஷேர் ஆட்டோவில் மடக்கிப் போட்டவர்கள் மேல். அப்புறம், ஆப்பிளும் பிஸ்கெட்டுமாக வந்து, அவன் தலைமாட்டிலேயே நின்று "இனிமே இவன் எங்க நடக்கப்போறான்" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனவர்கள் மேல். ஒவ்வொருவர் மேலும் கோபப்பட்டு அலுத்து, கடைசியில் அது உன்னிடம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் நீ செய்ததை நான் பார்க்கவில்லை. திண்டிவனத்தில் துணிக்கடை வேலையைப் போட்டுவிட்டுப் பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தம்பி பெண்டாட்டி ரெஜினாதான் சொன்னாள். ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியதும், அத்தனை ஜனத்துக்கு நடுவில் நீ தரையில் மண்டியிட்டாயாம். "மாதாவே, எம்புள்ளைக்குக் காலக் குடுத்துடு. கொடிமரத்துலேர்ந்து உன் பீடம் வரைக்கும் அவன் முட்டி போட்டுக்கினே வருவான். அதுவரைக்கும் நான் கால்ல செருப்பு போட மாட்டேன்" என்றாயாம். சொன்ன கையோடு செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டாயாம். ரெஜினா அதை எடுத்து ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தாள்.

எந்தச் செருப்பு அது? சர்க்கரைக்காரர்களுக்கென்றே விற்கிற, அடியில் மெத்துமெத்தென்று இருக்கிற செருப்பு. நான் வாங்கித் தந்தது. வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று டாக்டர் என்னையும் உட்காரவைத்துச் சொன்னாரே, நீயும் தலையை ஆட்டினாயே, அம்மா? அந்தத் தலையாட்டலெல்லாம் எங்கே போயிற்று?

இன்னொன்றும் கேட்கிறேன். உடைந்தது அவன் முட்டி. டாக்டர்கள் உள்ளே தகடும் ஸ்குரூவுமாக அதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீ வெளியே உட்கார்ந்து அதே முட்டியை மாதாவுக்கு எழுதி வைக்கிறாய். வேண்டிக்கொண்டது நீ, முட்டி அவனுடையது. யாரைக் கேட்டுச் செய்தாய்? மெழுகுவத்தி ஏற்றுகிறேன், மொட்டை போடுகிறேன், அன்னதானம் செய்கிறேன் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லையா?

நீ அவனைப் பார்த்துக்கொண்டதை நான் குறை சொல்லமாட்டேன். படுத்த படுக்கையாய்க் கிடந்தவனுக்கு எல்லாம் நீதான். ரெஜினா தையல் கம்பெனிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்று, அவனுக்கு மலம் மூத்திரம் எடுத்ததிலிருந்து கேப்பைக்கூழ் கரைத்து ஊட்டியது வரை செய்தாய். சீழ் பிடித்து இரண்டாவது ஆபரேஷன் ஆனபோதும் நீதான் கூடவே கிடந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வரும்போதெல்லாம் வாசலில் வெறுங்காலோடு நிற்பாய். நான் திட்டுவேன். "தோ, வூட்டுக்குள்ளாற தானடி இருக்கேன்" என்பாய். மல்லாட்டைக் கொல்லைக்கு, கடலை பறிக்கிற கூலி வேலைக்கு, நீ போய்வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லக்கூடாது என்று ரெஜினாவிடமும் சத்தியம் வாங்கியிருந்தாய்.

அங்கேதான் கருவேல முள் ஏறியது. உனக்கு வலிக்கவில்லை. சர்க்கரைக் காலில் வலி தெரியாது என்றுதானே செருப்புப் போடச் சொன்னார்கள். புண் வந்த பிறகாவது வாயைத் திறந்தாயா? மஞ்சளை வைத்துக் கட்டி, சேலைக் கரையை இழுத்து மூடிக்கொண்டு நடந்தாய். நான் நாற்றம் பிடித்துக் கேட்டபோது, எலி செத்துக் கிடக்கும் போலிருக்கிறது என்று என்னையே பரண்மேல் ஏறித் தேடவிட்டாய். உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் அம்மா?

தம்பி படுத்திருந்த அதே ஆஸ்பத்திரியில் உன் காலில் பாதியை எடுத்தார்கள். விஷம் அதற்குள் ரத்தத்தில் ஏறிவிட்டது. கிறிஸ்துமசுக்கு நட்சத்திரம் கட்டியிருந்த வீட்டிலிருந்து உன்னை எடுத்துக்கொண்டு போனோம்.

சார்லசால் உன் பெட்டியைத் தூக்க முடியவில்லை. ஒரே மகன், பிளாஸ்டிக் சேரில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, மற்றவர்கள் உன்னைத் தோளில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அதற்குமேல் அவன் காதில் விழுந்ததெல்லாம் ஒரே பேச்சுதான். உசிரைக் கொடுத்து மகனைக் காப்பாற்றினாள், உசிரைக் கொடுத்து மகனைக் காப்பாற்றினாள். எவள் கொடுத்தாள்? எந்த மாதா கேட்டாள்? செருப்புப் போட்டிருந்தால் நீ இன்றைக்கு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பாய்.

மதலேன் சின்னம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். உன் தங்கைதான், உன்னைவிட ஒரு படி மேல். முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "அக்கா வேண்டுதல் பாக்கி கெடக்குதுப்பா. அது தீர்ற வரைக்கும் ஆத்துமா இளைப்பாறாது" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வரிதான். அது போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு அவன் எக்சர்சைஸ் செய்ய ஆரம்பித்தான் பார், எனக்கே ஆச்சரியம். நீ கெஞ்சியபோது செய்யாதவன். பலகையில் முகப்பவுடரைத் தூவிக் குதிகாலைச் சறுக்கி மடக்குவான், பழைய லுங்கித் துணியில் மணல் கட்டிக் கணுக்காலில் மாட்டித் தூக்குவான். வியர்த்துக் கொட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு செய்வான். வாக்கர் வைத்து வாசல்வரை வந்துவிட்டான். நான் கடையில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். பைத்தியக்காரி நான்.

திருவிழாவுக்குக் கொடி ஏறிய பிறகு ரெஜினா போன் செய்தாள். குரலே சரியில்லை. "அண்ணி, இவரு நடக்கறதுக்கு இதெல்லாம் பண்ணல. முட்டி போடறதுக்குப் பண்ணிக்கினு இருக்காரு. நான் சொன்னா கேக்க மாட்டேன்றாரு" என்றாள்.

ஓடினேன். டாக்டரிடம் அழைத்துப்போனோம். எலும்பு இன்னும் முழுசாகச் சேரவில்லை, வாக்கரோடு நடக்கலாம், ஆனால் முட்டி போட்டு உடம்புப் பாரத்தை இறக்கினால் தகடு முறியும், இன்னொரு தடவை முறிந்தால் அந்தக் காலை நம்பமுடியாது என்று தெளிவாகச் சொன்னார். சார்லஸ் உன்னைப்போலவே தலையை ஆட்டினான்.

பங்குச் சாமியாரிடமும் போனேன். அவர் நல்ல மனுஷன். வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாம், கடவுள் முறிந்த எலும்பைக் கேட்கமாட்டார், ஏழைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடுங்கள், நான் பொறுப்பு என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே கொடுத்தும் உன் மகன் வாங்கவில்லை. "அம்மா சாமியாருகிட்ட வேண்டிக்கல அக்கா. மாதாகிட்ட வேண்டிக்கிச்சு" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

திருவிழாவன்று காலை. பூசைக்கு முன்னால் ஆட்டோவில் வந்து இறங்கினான். புது வேட்டி. கொடிமரத்திலிருந்து கோயில் வாசல் வரைக்கும் தரையில் துணி விரித்திருந்தார்கள். முட்டி உறுத்தாமல் இருக்கட்டும் என்று சின்னம்மா செய்த ஏற்பாடு. கிட்டே போய்ப் பார்த்தால் அத்தனையும் உன் சேலைகள். நான் தலைப் பிரசவத்துக்கு வந்தபோது நீ கட்டியிருந்த அந்தப் பச்சைச் சேலையும் அதில் கிடந்தது. ஜனம் இரண்டு பக்கமும் நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. ரெஜினா அழுதுகொண்டே அவன் வாக்கரைப் பிடித்திருந்தாள். அவன் கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டு குனியத் தொடங்கினான்.

நான் கையோடு கொண்டுவந்திருந்த அந்த மஞ்சள் பையிலிருந்து உன் செருப்பை எடுத்துக் காலில் மாட்டினேன். உன் சேலைகளை மிதித்துக்கொண்டே போய் அவனுக்கு எதிரில் நின்றேன். சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கோபம் வந்தால் எனக்கு நடை பெரிதாகிவிடும் என்று நீ கிண்டல் செய்வாயே, அந்த நடைதான்.

"தள்ளிக்க அக்கா. உன்கிட்ட பேஜாரு பண்ண எனக்குத் தெம்பு இல்ல" என்றான்.

"நீ முட்டி போடுடா, நான் தடுக்கல. ஆனா நானும் இங்கயே ஒண்ணு வேண்டிக்கிறேன். உன் முட்டி நல்லாவுற வரைக்கும் நான் செருப்பு போட மாட்டேன்" என்றேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "எனக்கும் சர்க்கரை வந்துடுச்சு சார்லசு" என்றேன்.

இதை நான் உன்னிடமும் சொன்னதில்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் ரத்தத்தையும் பார்த்தார்கள். வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். தம்பிக்கு எதிராக அதை ஆயுதமாக நீட்டவேண்டி வரும் என்று நினைக்கவில்லை. மிரட்டுகிறேனா, நிஜமாகவே செய்துவிடுவேனா என்று எனக்கே அந்த நேரத்தில் தெரியவில்லை. உன் ரத்தம்தானே எனக்கும்.

வலது செருப்பைக் கழற்றினேன். சேலைக்கு வெளியே வெறுங்காலைத் தரையில் வைத்தேன். ஜெபமாலை சொன்னவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சின்னப் பிள்ளைபோல உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொன்னான்.

"செருப்பப் போட்டுக்க அக்கா. கீழ கல்லு கெடக்குது."

அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு அந்த வராண்டாவில் உன்னிடம் யாராவது சொல்லியிருந்தால் போதுமே, அம்மா. நீ உன் பிள்ளை வாயிலிருந்து கேட்டிருந்தாலாவது போட்டிருப்பாயா?

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நீ செத்ததற்கும் சேர்த்து அழுதேன். சின்னம்மாதான் என்னைத் தூக்கிவிட்டாள். உன் சேலைகளை ஒவ்வொன்றாக உதறி மடித்தாள். வாக்கரில் துணி சிக்கிவிடுமாம். சார்லஸ் நின்றபடியே நடந்தான். கொடிமரத்திலிருந்து பீடம் வரைக்கும், வாக்கரை எடுத்து வைத்து, காலை எடுத்து வைத்து. சாமியார் பூசையைத் தொடங்காமல் காத்திருந்தார். நான் பக்கத்திலேயே போனேன். வாசலில், கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை என் காலைப் பார்த்துவிட்டு, செருப்பை வெளியே விடுங்கள் என்றார். நான் சண்டைக்கு வாயைத் திறப்பதற்குள் சார்லஸ் திரும்பி, "இருக்கட்டும்ணா. அது எங்க அம்மாவோடது" என்றான். அவர் வழிவிட்டார்.

வேண்டுதல் தீர்ந்ததா, பாக்கியா என்று சின்னம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. மாதாவும் பிள்ளை பெற்றவள்தான், அவளிடம் நீயே கேட்டுச் சொல். தம்பி இப்போது நடப்பதற்காகவே எக்சர்சைஸ் செய்கிறான். முன்னைவிட மெதுவாகத்தான் முன்னேற்றம். வலித்தால் வலிக்கிறது என்று சொல்கிறான், கோபம் வந்தால் ரெஜினாவிடம் கத்துகிறான், அவளும் திருப்பிக் கத்துகிறாள். வீடு வீடாக இருக்கிறது.

உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், இதை மட்டும் மாற்றமாட்டேன். தினமும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன், மாத்திரையை விடமாட்டேன், இந்தச் செருப்புத் தேய்ந்தால் வேறு வாங்குவேன். வெறுங்காலோடு நீ நிற்கிறாயே என்று தம்பி அழுகிற மாதிரி ஒரு நாளும் வைக்கமாட்டேன்.

நீ இருக்கிற இடத்தில் கல்லும் முள்ளும் கிடையாது என்கிறார்கள். இருந்தாலும் எதையாவது போட்டுக்கொண்டு நட.

உன் செருப்பு அளவு சரியாக இருக்கிற
உன் மூத்த மகள்,
லூர்து