பட்டமரத்துப் பொந்துகள்

கல்கத்தா, டிசம்பர் 3, 1908

சென்ற வருஷத்துக் காட்டிலாகா ரிப்போர்ட் அச்சாகி வந்துவிட்டது. சந்தக்பூ மலைக்காட்டில் ஐந்து மாதம் அட்டைக்கடியும் பனியும் பட்டு நான் எழுதியது. மேலே ராஜாராமய்யர் பெயர். உள்ளே தேடினேன். மூட்டை சுமந்த மட்டக்குதிரைகள் ஏழு என்று இருக்கிறது. என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஹெட் கிளார்க். எனக்கு இந்த வேலை வாங்கித் தந்தவர். வெற்றிலையை மென்றுகொண்டே, "உன் பேர் வேறே, என் பேர் வேறேயாடா மகாதேவா?" என்கிறார். சியால்டா ஸ்டேஷனைத் தாண்டாத மனுஷர்!

இதற்குப் பதில் செய்யாமல் விடப்போவதில்லை.

டிசம்பர் 9

இந்த வருஷத்து நோட்டுகளைக் கேட்டார். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் பச்சையாக நிற்கும் ஃபர் மரங்கள்: எது எப்போது காய்க்கிறது, எந்தப் பறவை விதைக்கு வருகிறது. மற்றதில் பட்ட மரங்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. ஃபர் மரம் முந்நூறு வருஷம் வாழ்ந்து, பட்டுப்போன பிறகுதான் பிராணிகளுக்கு வீடாகிறது. மரங்கொத்தி துளைக்கிறது. அது விட்டுப்போன பொந்தில் பறக்கும் அணில் குடியேறுகிறது. அடிமரம் இற்றுக் குழிந்தால், சிவந்த உடம்பும் வரிபோட்ட வாலுமாகப் பூனை போலொரு பிராணி வந்து குட்டி போடுகிறது. நூறு பட்ட மரங்களில் அறுபத்திரண்டில் ஏதாவது ஒன்று குடியிருந்தது.

முதல் நோட்டை மட்டும் கொடுத்தேன்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மாமா."

பாதிக் காட்டை வைத்துக்கொண்டு எழுதட்டும். பெரிய துரை சிரிக்கிற சிரிப்பில் ஆபீஸே அதிரவேண்டும்.

டிசம்பர் 10

என் மனைவி நாகலக்ஷ்மி மற்ற நோட்டைப் பார்த்துவிட்டாள். "அவர் மேலே கோவம்னா அவர்கிட்டே காட்டுங்கோ. நோட்டை எதுக்கு ஒளிக்கறேள்?" உனக்கு ஆபீஸ் சமாசாரம் புரியாது என்றேன். சாதம் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 22, 1909

எழுதியே விட்டார்! "பட்ட மரங்களால் பிராணிகளுக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை." சுத்தப் பிரதி எடுத்தது நான்தான். என் கையெழுத்து இத்தனை அழகாக என்றும் வந்ததில்லை. அவர் முகம் சுண்டுகிற அன்று சந்தேஷ் மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

பிப்ரவரி 16

துரை சிரிக்கவில்லை. ராஜாராமய்யரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பட்ட மரங்கள் அத்தனையையும் வெட்டிவிட உத்தரவு. நாசமாய்ப் போக! துரைக்கும் காடு தெரியாதா?

பிப்ரவரி 17

ஒளித்த நோட்டோடு துரையின் அறை வாசல்வரை போனேன். ஏன் அன்றைக்கே கொடுக்கவில்லை என்பார். வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை. ராஜாராமய்யர் துரை முன்னால் கண் கலங்கி, "உன்னை நம்பினேனேடா" என்பார். அவர் யோக்கியர் ஆகிவிடுவார், நான் திருடன்! அதை மட்டும் என்னால் சகிக்க முடியாது.

திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 20

வெட்டவேண்டிய மரங்களுக்கு முத்திரை குத்த ஆள் வேண்டுமாம். "மலையை உன்னைவிட யாருடா அறிவா?" என்று என் பெயரைக் கொடுத்துவிட்டார் ராஜாராமய்யர். பிரியமாகத்தான் சொன்னார். அந்தப் பிரியத்தில் தீயை வைக்க.

போகமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். காரணம் கேட்பார்களே?

சந்தக்பூ, மே 4

இரண்டு நாளாக வேலை. எனக்குத் துணையாக ரிஞ்சிங் என்ற லெப்சா மலைஜாதிக்காரர். நான் முத்திரைச் சுத்தியலை ஓங்குமுன் ஒவ்வொரு மரத்தையும் தடியால் தட்டிவிட்டுக் காது வைத்துக் கேட்கிறார். எதற்கு என்று கேட்டேன். உள்ளே இருப்பவர்களிடம் சொல்லாமல் வீட்டை இடிக்கலாமா பாபு என்றார்.

இது குட்டிகள் இருக்கும் மாதம்.

இன்று முப்பத்தெட்டு மரங்கள். இருபத்துமூன்றில் உள்ளே சத்தம் கேட்டது. ரிஞ்சிங் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்தார்.

முப்பத்தெட்டிலும் குத்தினேன்.