காரட் இல்லாத வாந்தி

அன்புள்ள வாந்திராஜாவுக்கு,

போன வாரம் டிவியில் நம் பழைய நகைச்சுவை நிகழ்ச்சியை மறுபடி போட்டார்கள். பிஷப் வீட்டு விருந்தில் அவர் மடியிலேயே நீ வாந்தி எடுப்பாயே, அந்தக் காட்சி. நான் படுத்திருக்கும் கேன்சர் வார்டே சிரித்தது. நர்ஸ் கிளெனிஸ் டிவியையும் நான் வாந்தி எடுத்திருந்த வாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்களது சுமார்தான் கண்ணு, காரட்டே காணோமே" என்றாள். இருபது வருஷம் காரட் மிதக்கும் டப்பா சூப்பில் ஓட்ஸ் கரைத்து, பொய் வாந்திக்காக உன் வாயில் ஊற்றிய எனக்கு இந்த அவமானம்.

நீ வராததில் எனக்குக் கோபமில்லை. பூனை கக்கியதைப் பார்த்தே மயங்கி விழுந்து நெற்றியில் தையல் போட்டுக்கொண்டவன் நீ. "வந்தா உனக்கும் ஒரு கட்டில் போடணும், வராதடா" என்று போனில் நான்தான் சொன்னேன்.

இனி அந்தப் பயம் வேண்டாம். திங்கட்கிழமை பெரிய டாக்டர் தன் கையாலேயே எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். நம் ஊரில் கொடுக்க வேறு எதுவும் இல்லாதபோதுதான் பெரிய டாக்டர் டீ கொடுப்பார் என்று உனக்குத் தெரியும். மருந்தை நிறுத்திவிட்டார்கள். வாந்தியும் நின்றுவிட்டது. வாளியைக்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வரும்போது ஒரு டப்பா சூப் வாங்கி வா. நாம் யாரென்று கிளெனிஸுக்குக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போடாதே.

இப்படிக்கு,
உன் சூப்புக்காரன்