இவர் என் புருஷன்தான்

மார்ச் 4, செவ்வாய்

இவர் இந்த நாட்டிலேயே தங்க விசா கேட்டிருந்தோம், அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. எங்கள் கல்யாணம் உண்மையானது என்று நம்பப் போதுமான ஆதாரம் இல்லையாம். இருவரும் நேரில் வந்து விளக்க வேண்டுமாம். அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் இவர் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

எனக்கு நாற்பத்து மூன்று, இவருக்கு முப்பத்தைந்து. அதுதானே சந்தேகம்? இதே இவர் எனக்கு எட்டு வயது மூத்தவராக இருந்திருந்தால் ஒருத்தரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

மார்ச் 7, வெள்ளி

வக்கீலைப் பார்த்தோம். கல்யாணப் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதிவு அலுவலக வாசலில் எடுத்தது. எங்கள் இருவரோடு நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை முதலாளியும், இவரோடு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் நண்பரும் நிற்கிறார்கள்.

"உங்க சொந்தக்காரங்க ஒருத்தரும் இல்லையேம்மா?"

"ஒரே அண்ணன். அவர் வரலை."

"அவர்கிட்ட ரெண்டு வரி எழுதி வாங்குங்க. குடும்பம் ஏத்துக்கிட்டதுன்னா கேஸ் நிக்கும். அப்புறம் நாலு இடத்துக்குப் போய் வேற வேற டிரெஸ்ல போட்டோ எடுத்து வைங்க."

மார்ச் 9, ஞாயிறு

எடுத்தோம். பூங்காவில் ஒரு சட்டை, ரயில் நிலையத்தில் ஒரு சட்டை. இவர் கழிப்பறைக்குள் போய் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். "கொஞ்சம் சிரியேன்" என்றார். பற்றிக்கொண்டு வந்தது. சொந்தப் புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டு நடிக்க வேண்டுமா நான்?

வீட்டுக்கு வந்ததும் அத்தனையையும் அழித்தேன்.

"வக்கீல் திட்டுவாரு."

திட்டட்டும்.

மார்ச் 12, புதன்

கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக அண்ணனுக்கு போன் செய்தேன்.

"அவன் காரியம் முடிஞ்சதும் உன்னைக் கழட்டி விட்டுட்டுப் போவான். அப்ப வா, சோறு போடறேன்."

வைத்துவிட்டேன். சோறு போடறாராமே சோறு! அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷமெல்லாம் யார் ஊட்டியது? யார் துடைத்தது? அப்போது என் வயது ஏறுவது அண்ணன் கண்ணில் படவே இல்லை. இப்போது மட்டும் ஊர் சிரிக்கிறதாம்.

மார்ச் 25, செவ்வாய்

நேர்காணல். தனித்தனி அறை. அதிகாரி அம்மாள் என்னிடம், கடைசியாக எப்போது சண்டை போட்டீர்கள் என்று கேட்டாள். "இன்னைக்குக் காலையிலதான்" என்றேன். விசா கிடைக்காவிட்டால் நீ கஷ்டப்படாதே, நான் பேசாமல் போய்விடுகிறேன் என்று பெரிய தியாகி மாதிரிச் சொன்னாரே, அதற்குத்தான் சண்டை. அதையும் சொன்னேன்.

இவரிடமும் அதே கேள்வி. "நாங்க சண்டையே போட்டதில்லைங்க" என்றிருக்கிறார்!

எங்களைச் சேர்த்து உட்காரவைத்து, "ரெண்டு பேர்ல யார் பொய் சொல்றீங்க?" என்றாள். கூனிக் குறுகிப் போனேன்.

பஸ் நிறுத்தத்தில் வைத்துக் கேட்டேன்.

"வீட்டுச் சண்டைய வெளியாளுகிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்றார்.

"நல்லது. உங்க மானம் பொழச்சுது. என் வாழ்க்கை போச்சு."

மார்ச் 26, புதன்

தட்டை ணங்கென்று வைத்தேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 11, வெள்ளி

அண்ணியிடமிருந்து போன். குரலைத் தாழ்த்திப் பேசினாள். அந்த அதிகாரி விசாரணைக்காக அண்ணனுக்கே போன் செய்திருக்கிறாள்.

"உங்கண்ணன் கத்தின கத்துல தெருவே திரும்பிப் பார்த்துச்சு. 'அவனைக் கட்டினா நான் செத்தேன்னு வச்சுக்கன்னேன். சரின்னு போயிட்டா. எங்கம்மா நகை எதுவும் வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனா. அப்படி மயங்கிக் கிடக்கறா. நீங்கதான் அவனை ஊரைவிட்டு அனுப்பணும்'னாரு."

முடிந்தது. கூடப்பிறந்தவன் கையாலேயே முடிந்தது. கடைக்குப் போகவில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் இவரும் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நகைய எழுதிக் கொடுத்தியா? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"சண்டை போட்டிருப்பேன்."

அந்த ஆத்திரத்திலும் சிரிப்பு வந்து தொலைத்தது.

மே 8, வியாழன்

விசா கிடைத்துவிட்டது.

வக்கீல் காரணத்தைப் படித்துக் காட்டினார். குடும்பத்தின் கடும் எதிர்ப்பையும் மீறி, சொத்தையும் உறவையும் விட்டுக்கொடுத்துச் செய்துகொண்ட திருமணம். அண்ணனின் பேச்சிலிருந்தே இது தெளிவாகிறது என்று இருந்தது.

"உங்க அண்ணனுக்கு ஒரு நன்றி சொல்லிடுங்கம்மா" என்றார்.

சொல்ல மாட்டேன். அவர் கெடுக்க நினைத்தது கெடுக்க நினைத்ததுதான்.

மே 10, சனி

பழைய சாமான் கடையில் ஒரு பீரோ வாங்கி வந்தோம். இவர் தன் சட்டைகளை எடுத்து மடித்து அடுக்கினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து துணிமணியைப் பெட்டியிலேயேதான் வைத்திருந்தார். சோம்பேறி, சோம்பேறி என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். கிளம்பச் சொன்னால் உடனே கிளம்ப வசதியாக இருக்கட்டும் என்று வைத்திருந்தாராம். இன்றுதான் சொல்கிறார், மனுஷன்.

காலிப் பெட்டியைப் பிடுங்கிப் பரணில் போட்டேன், இவர் கைக்கு எட்டாத மூலையாகப் பார்த்து.