தரைத்தளம் கேட்ட கோட்டை

பானைத் தெரு
2011 மார்ச் 12

அன்புள்ள ஷாவ் அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். கைபேசிக்கு உயிரில்லை. அதனால் பழையபடி தபால்.

நேற்றுத் தெருமுனையில் சிவப்புத் துணி கட்டினார்கள். "நூறு நாள் போர்! கடைசிக் கோட்டையையும் தகர்ப்போம்!" தூரத்திலேயே உங்கள் தூரிகை என்று தெரிந்துவிட்டது. 'போர்' என்ற எழுத்தின் கடைசி வீச்சை இப்படிக் கத்திபோல் இழுக்க நாம் பாடம் நடத்திய பள்ளியில் உங்களைத் தவிர யாருக்கும் வராது. ஓய்வுக்குப் பிறகு கைக்கு ஒரு வேலை கிடைத்ததில் மகிழ்ச்சி.

என் மனைவி மெய்சென்னை நாற்காலியில் உட்காரவைத்து ஜன்னல் வழியே காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்க அண்ணன் எழுத்து அழகுதான். கோட்டைன்னு யாரைச் சொல்றாரு? எழுந்து கழிவறைக்குப் போக முடியாத என்னையா?" பக்கவாதம் அவள் வலது பக்கத்தைத்தான் எடுத்தது, நாக்கைத் தொடவில்லை.

இடிப்புப் பணி அலுவலகத்துக்கு இப்போது "போர்க் கட்டளையகம்" என்று பெயர். அதன் பிரிவுத் தலைவர் தோங் வந்திருந்தார். வீட்டை விட்டுக்கொடுக்கக் கையெழுத்துப் போட்டவர்கள் "கைப்பற்றிய வீடுகள்", நாங்கள் "எதிர்ப்பு முனை" என்று விளக்கினார். தேநீர் கொடுத்தேன். எதிர்ப்பு முனையில் தேநீர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தார். நல்ல பையன்தான்.

அண்ணா, நான் கேட்பது ஒன்றே ஒன்று. வீட்டை எடுத்துக்கொள்ளட்டும், புதுக் குடியிருப்பில் தரைத்தளத்தில் ஒரு வீடு கொடுக்கட்டும். ஆறாவது மாடியை ஒதுக்கியிருக்கிறார்கள், மின்தூக்கி கிடையாது. அவளை முதுகில் சுமந்து ஏறும் வயதை நான் தாண்டிவிட்டேன். அந்த அலுவலகத்தில் இப்போது உங்கள் பேச்சு எடுபடும். ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

என்றும் உங்கள் தம்பி,
கோங் பெய்லின்


புது நகர்
2011 மார்ச் 20

அன்புத் தம்பி பெய்லினுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். என் தூரிகையை நீ கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால்தான் வருந்தியிருப்பேன்.

அந்தச் சொற்களை மனதில் போட்டுக்கொள்ளாதே. நமக்கு வாய் முளைத்ததிலிருந்து இப்படித்தானே பேசுகிறோம்? சிறுவயதில் குருவி விரட்டியது போர். நெல் அறுத்தது போர். காய்ச்சலோடு பாடம் நடத்தினால், "லேசான காயத்துக்குப் போர்முனையை விட்டு இறங்காதவர்" என்று தலைமையாசிரியர் பலகையில் நம் பெயரை எழுதுவார். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னால் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, கைமுட்டியை உயர்த்திச் சபதம் எடுக்கவைத்தோமே, அந்தச் சபதத்தை நீயும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்துதானே எழுதினோம்? யார் செத்தார்கள்? வெறும் சொல்தானே.

தோங்கிடம் பேசினேன். தரைத்தளம் முழுவதும் கடைகளுக்குப் போய்விட்டதாம். அவனும்தான் என்ன செய்வான்? மாவட்டத் தலைவர் முன்னால் "படைச் சபதம்" எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். மே மாதத்துக்குள் தெரு காலியாகாவிட்டால் அவன் பதவி போகும். போன மாதம்தான் பிள்ளை பிறந்திருக்கிறது.

கையெழுத்துப் போட்டுவிடு. அண்ணி உனக்காகப் புகைபோட்ட இறைச்சி எடுத்துவைத்திருக்கிறாள். யுன்ஷு இந்த ஆண்டும் நம் பள்ளியில் இறுதியாண்டு வகுப்புதானே எடுக்கிறாள்? உனக்குப் பிள்ளைகள் உண்டா என்று தோங் கேட்டான், சொன்னேன். உன் மகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

அன்புடன் அண்ணன்,
ஷாவ் தெமிங்


பானைத் தெரு
2011 ஏப்ரல் 9

அன்புள்ள ஷாவ் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுவாரம் யுன்ஷுவை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். "முன்களத்திலிருந்து பின்களத்துக்கு மாற்றம்" என்று உத்தரவில் இருக்கிறது. பின்களம் என்பது இந்த வீடு. அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் வகுப்பு திரும்பக் கிடைக்கும். தேர்வு ஜூனில். அவளுடைய பிள்ளைகளுக்கு இப்போது விளையாட்டு ஆசிரியர் பாடம் நடத்துகிறாராம்.

வந்தவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தலை சீவிவிடுகிறாள், கரி உடைக்கிறாள், மிளகாய் காயவைக்கிறாள். கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன். கேட்காதவளை என்ன செய்வது?

இன்னொன்றும் எழுத வேண்டும். திங்கட்கிழமை வீட்டைச் சுற்றி நான்கு கம்பம் நட்டு நான்கு ஒலிபெருக்கி கட்டினார்கள். ராணுவப் பாட்டுப் போடப்போகிறார்கள் என்று காதுக்குப் பஞ்சு தேடினேன். பாட்டு இல்லை. மேற்கே தையற்காரர் வெய் பேசினார்: "பெய்லின் அண்ணே, இங்க வந்துடுங்க, குழாயத் திறந்தா வெந்நீர் கொட்டுது." தெற்கே நூடுல்ஸ் கடை அம்மா: "வாத்தியாரே, நீங்க இல்லாம மாஜாங் ஆட ஒரு கை குறையுது." வடக்கிலும் கிழக்கிலும் இதேபோல. எல்லாம் முன்பே கிளம்பிப்போன அண்டை வீட்டாரின் பதிவுசெய்த குரல். எல்லாம் நம் தெருப் பேச்சு. சொன்னதையே நாள் முழுக்கச் சொல்கின்றன. மெய்சென் முதல் நாள் ஒவ்வொரு குரலுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் போயிட்டாங்களா? நாம மட்டும்தானா?" என்று கேட்டாள்.

அண்ணா, உங்கள் வகுப்பு எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த அறையில்தானே நான் இருந்தேன். முற்றுகையில் சிக்கிய சூ நாட்டு அரசன், எதிரி முகாமின் நான்கு புறமிருந்தும் தன் நாட்டுப் பாட்டைக் கேட்டு, நாடே போய்விட்டது என்று மனம் உடைந்தான். அதிலிருந்து வந்த 'நான்கு புறமும் சூ பாட்டு' என்ற மரபுத்தொடரைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நீங்கள் நான்கு பையன்களை அறையின் நான்கு மூலையில் நிறுத்துவீர்கள். ஒருவனை நடுவில் உட்காரவைத்து, மூலையில் இருப்பவர்களை ஊர்த் தாலாட்டுப் பாடச் சொல்வீர்கள். நடுவில் உட்கார்ந்தவன் ஒவ்வோர் ஆண்டும் அழுதான். அதைவிட நல்ல பாடத்தை நான் பார்த்ததில்லை.

தோங் கணக்குப் படித்தவர். அவருக்கு இது தோன்றாது.

உங்கள் யோசனைதானா? ஆம், இல்லை என்று ஒரு வரி போதும்.

தம்பி,
பெய்லின்


புது நகர்
2011 ஏப்ரல் 14

அன்புத் தம்பிக்கு,

ஆம். ஆத்திரப்படாமல் மேலே படி.

கட்டளையகக் கூட்டத்தில் நான் இருந்தேன். தண்ணீரை நிறுத்தலாம் என்றான் ஒருவன். மண்வாரி இயந்திரத்தை உன் சுவரோரம் நிறுத்தி ஓடவிடலாம் என்றான் இன்னொருவன். உள்ளே மெய்சென் படுத்துக்கிடப்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். சுவரைத் தொடாமல் மனதை இளக்கலாம் என்றேன். தண்ணீர் இன்னும் வருகிறதல்லவா? அது என்னால் வருகிறது. யுன்ஷு விஷயத்தில் எனக்குப் பங்கில்லை. எந்தப் பள்ளி என்று கேட்டார்கள், சொன்னேன். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

நீ கையெழுத்திட்டால் மட்டும் போதாது என்கிறார்கள். மே 20 அன்று நம் பள்ளி அரங்கில் வெற்றிக் கூட்டம் வைக்கிறார்கள். கடைசிவரை நின்றவர் ஒருவர் மேடையேறிப் பேச வேண்டுமாம். உரையை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வேறு யாராவது எழுதினால் உன்னைக் கேவலப்படுத்தியிருப்பார்கள். 'சரணடைந்தேன்' என்று போடச் சொன்னார்கள். அரைநாள் வாதாடி 'அணி மாறினேன்' என்று மாற்றினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான், பெய்லின்.

வாசித்துவிடு. மறுநாளே யுன்ஷுவுக்கு வகுப்பு.

உன் அண்ணன்,
தெமிங்


புது நகர், கட்டடம் 9, ஆறாவது மாடி
2011 மே 28

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஷாவ் தெமிங் அவர்களுக்கு,

தாங்கள் எழுதித் தந்த உரையை 20ஆம் தேதி பள்ளி அரங்கில் வாசித்தேன். முன்வரிசையில் இருந்த தாங்களும் கேட்டீர்கள். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கைதட்டலுக்காகத் தாங்கள் சிவப்பு மையில் புள்ளி வைத்திருந்த இடங்களில் எல்லாம் நிறுத்தினேன், கைதட்டினார்கள். பின்வரிசையில் நம் பழைய மாணவர்கள் சிலர் இருந்தார்கள். ஒருவர் பாதியில் எழுந்து வெளியே போனார். யார் என்று பார்க்க எனக்குத் துணிவில்லை.

யுன்ஷு கடைசிவரை என்னிடம் கேட்கவில்லை. அதனால்தான் கையெழுத்திட்டேன். உரை வாசித்த மறுநாள் பள்ளிக்குப் போனாள். மாலையில் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "பசங்க போர்டு முழுக்க 'வெற்றியோட திரும்பி வந்த எங்க டீச்சர்'னு எழுதி வச்சிருந்தாங்கப்பா. அழிக்க மனசு வரல. அது மேலேயே பாடம் எழுதினேன்."

மெய்சென்னை ஒரு கதவுப் பலகையில் படுக்கவைத்து நான்கு பேர் தூக்கி வந்தார்கள். தோங் ஒரு முனையைப் பிடித்தார். நான்காவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது அவள் அவரைக் கேட்டாள்: "தம்பி, இனி நான் எப்ப இறங்குவேன்?" அவர் குனிந்து தன் முனையைப் பிடித்தார். மறுபடியும் தூக்கினார்கள்.

தையற்காரர் வெய் ஒருமுறை வந்தார். ஒலிபெருக்கியில் பேசியது யாரோ எழுதிக் கொடுத்ததுதான் என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. நூடுல்ஸ் கடை அம்மாவுக்கு எதிர்க் கட்டடத்தின் தரைத்தளத்தில் கடை கிடைத்திருக்கிறது. முழங்கால் வலியால் மாடி ஏற முடியவில்லை என்று சொல்லியனுப்பினார். மெய்சென் படுத்திருக்கும் இடத்திலிருந்து வானம் மட்டும் தெரிகிறது. அவள் இப்போது யாரையும் கேலி செய்வதில்லை.

ஒரு வேண்டுகோள். இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். உறையின் மேலுள்ள எழுத்தைப் பார்த்ததுமே அவள் தங்களுடையது என்று கண்டுகொள்வாள். உங்க அண்ணன் என்ன எழுதியிருக்கிறார், படியுங்கள் என்பாள். தாங்கள் எழுதிய இன்னொன்றை வாய்விட்டு வாசிக்க என்னால் முடியாது.

கோங் பெய்லின்